தேய்க்காமல் கழுவுங்கள்

வண்டியைக் கழுவப் போனால் முதல் பத்து நிமிடம் நான் அதைத் தொடவே மாட்டேன். மேலிருந்து மெல்லத் தண்ணீரை ஊற்றிவிட்டு விலகி நிற்பேன். ஒருநாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: "ஏங்க, கழுவுறீங்களா, வேடிக்கை பாக்குறீங்களா?" ஊறவைக்கிறேன் என்றேன். "துணி ஊறவைக்கிற மாதிரியா?" என்றாள். அதேதான். அழுக்கு தானாக இளகிக் கீழே இறங்க வேண்டும். அதற்கு முன்னால் கை வைத்தால் கழுவுகிறோம் என்ற பெயரில் கீறிக்கொண்டிருப்போம்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகனத் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். கடைசிப் பதினான்கு வருஷம் பரிசோதனை லைனில். இரண்டு பக்கமும் மேலேயும் டியூப் லைட் வரிசையாக எரியும். நடுவில் பெயிண்ட் அடித்து வந்த பாடி ஊர்ந்து வரும். விளக்கின் பிம்பம் பெயிண்டில் நேர்க்கோடாக விழ வேண்டும். எங்கேயாவது கோடு நெளிந்தால் அங்கே ஒரு தூசி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கையுறையோடு தடவினால் முள் மாதிரி தட்டுப்படும். அதை 2000 நம்பர் தண்ணீர்ப் பேப்பரால் தேய்த்து, காம்பவுண்டு போட்டு பஃப் செய்து அனுப்புவோம். ஒரே ஒரு தூசிக்கு அவ்வளவு வேலை. அந்தத் தூசி உள்ளே வராமல் இருக்க, பஞ்சு உதிராத உடுப்பு போட்டு, காற்று வீசும் சின்ன அறைக்குள் நின்று, உடம்பை உதறிவிட்டுத்தான் ஷாப்புக்குள் நுழைவோம். பவுடர் கூடாது, சென்ட் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. அவற்றில் கொஞ்சம் சிலிக்கான் இருந்தாலே ஈரப் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிக் குழி விழும். மீன் கண் மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவ்வளவு கவனமாகப் போட்டு அனுப்பிய பெயிண்டை, ரோட்டுக்கு வந்த ஒரே வருஷத்தில் ஒரு துணியால் பாழாக்குகிறார்கள். வெயிலில் நிற்கும் கறுப்பு அல்லது கருநீல வண்டியின் பானட்டைச் சாய்வாகப் பாருங்கள். சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். அதை வண்டிக்கு வயதானதால் வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அநேகமாக அவ்வளவும் துடைத்ததால் வந்தது.

ஒரு காரின் மேல் எவ்வளவு பெயிண்ட் இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் தாராளமாகச் சொல்வார்கள். உண்மையில் அது மிகவும் மெல்லியது. வெறும் தகடாக வரும் பாடி முதலில் பாஸ்பேட் தொட்டியில் முங்கும். அடுத்து ஈ.டி. தொட்டி. அதில் மின்சாரம் பாய்ச்சுவதால் கை எட்டாத சந்து பொந்தில்கூடப் பெயிண்ட் போய் ஒட்டும். துருவைத் தடுப்பது அதுதான். அதன் மேல் பிரைமர், அதற்கும் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத க்ளியர் கோட். இத்தனையும் சேர்ந்து சுமார் 100 முதல் 130 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நாம் படிக்கும் செய்தித்தாளின் ஒரு தாள் ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். ஆக, வண்டியின் மொத்தப் பெயிண்டும் இரண்டு தாள் கனம்கூட இல்லை. பளபளப்பைத் தருவதும், நிறம் வெளுக்காமல் வெயிலைத் தாங்குவதுமான அந்த க்ளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். பழைய வண்டிகளின் கூரையில் தோல் உரிந்த மாதிரி வெள்ளையாகப் பெயர்ந்து நிற்கிறதே, அது க்ளியர் கோட் செத்துப்போன இடம். உரிந்த பிறகு எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. மறுபடி பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

பழைய அம்பாசடரில் இந்த மேல்பூச்சு கிடையாது. பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறமே ஏறும். இன்றைய வண்டியில் அப்படி நிறம் வராது. அதனால் எதுவும் தேயவில்லை என்று தோன்றுகிறது. தேய்வது கண்ணாடி மாதிரியான பூச்சு என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த நாளில் வெளியூர் வண்டிகள் வந்து நிற்கும். காத்திருக்கும் நேரத்தில் ஓட்டுநர்கள் மஞ்சள் துணியை எடுத்து உதறி, உலர்ந்த பானட்டை நாலு இழுப்பு இழுப்பார்கள். அந்தச் சத்தம் எனக்குத் தூரத்திலேயே கேட்கும். வேலையில் அவர்களுக்கு அக்கறை இருக்கிறது, வண்டி மேல் பிரியம் இருக்கிறது. ஆனால் அந்தத் துணிக்கும் பானட்டுக்கும் நடுவில் இருப்பது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நடுவில் இருப்பது கல். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ரோட்டின் இரண்டு பக்கமும் கிரானைட் அறுக்கிறார்கள், ஜல்லி உடைக்கிறார்கள். எம்சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. கிரானைட்டில் கணிசமான பங்கு குவார்ட்ஸ். எந்தப் பொருள் எதைக் கீறும் என்பதைச் சொல்ல மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. வைரத்துக்கு அதில் 10. குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கத்தி அலகு ஐந்தரைக்குப் பக்கம் நிற்கும். அதாவது நம் வண்டி மேல் படிந்திருக்கும் தூசி கத்தியையே கீறக் கூடியது. செய்தித்தாளைவிட மெல்லிய ஒரு பூச்சின் மேல் அதை வைத்து, துணியால் அமுக்கி இழுக்கிறோம். தூசி தட்டும் பிரஷ்ஷும் அதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக.

பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறான். போன வருஷம் கறுப்பு வண்டி எடுத்தான். தினமும் காலை ஆறரைக்கு பிரஷ்ஷால் தட்டி, பழைய பனியனால் துடைத்துவிட்டுக் கிளம்புவான். மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அவனைக் கூப்பிட்டுப் பானட்டைக் காட்டினேன். "மாமா, இது கம்பெனியிலேயே வந்த டிஃபெக்டா?" என்றான். "இல்லப்பா, இது உன் கை," என்றேன். முகம் சுண்டிவிட்டது. நான் பட்டென்று சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அன்றிலிருந்து அவன் பிரஷ்ஷைத் தொடவில்லை. தூசியோடு வண்டி ஓடலாம், அதனால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. வாரம் ஒரு தடவை ஒழுங்காகக் கழுவினால் போதும்.

ஒழுங்காகக் கழுவுவது என்றால் என்ன? வண்டி நிழலில் நிற்க வேண்டும், பானட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நான் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவேன். எங்கள் பக்கம் மார்கழிக் குளிரில் அந்த நேரத்துக்குத் தண்ணீர் விரலைக் கடிக்கும், ஆனாலும் அதுதான் நல்ல நேரம். இரண்டு பக்கெட் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தளர்ந்த தூசியை மறுபடி ஊற்றி வழியவிட வேண்டும். அதன் பிறகுதான் துணி. கூரையில் ஆரம்பித்து, கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி என்று இறங்கி வர வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் துணியை நேரே ஷாம்பு பக்கெட்டில் போடக் கூடாது. வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, அதன் பிறகே ஷாம்புவில் நனைக்க வேண்டும். முதல் தடவை செய்து பார்ப்பவர்கள் கடைசியில் அந்த வெறும் தண்ணீர் பக்கெட்டின் அடியைப் பாருங்கள். மணல் படிந்திருக்கும். ஒரே பக்கெட்டில் கழுவியிருந்தால் அத்தனை மணலும் துணியோடு திரும்ப வண்டி மேல் ஏறியிருக்கும்.

கையை வட்டமாகச் சுற்றாமல் நேராக இழுங்கள், அமுக்காதீர்கள். கதவின் கீழ்ப்பாதி, பம்பர், மட்கார்டு இவை கடைசியில். சக்கரத்துக்குத் தனித் துணி, தனித் தண்ணீர். பிரேக் பேடிலிருந்து உதிரும் இரும்புத் தூள் சக்கரத்தில் படிந்திருக்கும். அந்தத் துணி வண்டியின் உடம்பு பக்கமே வரக் கூடாது. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு அனுபவம் காரணம். என் கருநீல ஸ்விஃப்ட் 2012இல் வாங்கியது. வாங்கிய புதிதில் கால் சுளுக்கு என்று ஒரே ஒரு தடவை வாட்டர் சர்வீஸில் விட்டேன். திரும்பி வாங்கப் போனபோது ஒரு சின்னப் பையன் டயர் துடைத்த துணியைப் பிழிந்து அதே கையோடு டிக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த டிக்கியில் விழுந்த கோடுகள் இன்னும் இருக்கின்றன. பஃப் செய்தால் போய்விடும், எனக்கே செய்யத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவை காம்பவுண்டு போடும்போதும் க்ளியர் கோட்டில் சில மைக்ரான் போகிறது. ஆழமில்லாத கோட்டுக்காக அதைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. பாலிஷ் போடுவது மருந்து மாதிரி, தேவைக்கு மட்டும். வருஷா வருஷம் தீபாவளிக்கு "ரப்பிங் பாலிஷ்" போடுகிறேன் என்பவர்கள் வண்டியைப் புதிதாக்கவில்லை, மெலிய வைக்கிறார்கள்.

துணி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பனியன் வேஸ்ட் கிரீஸ் துடைக்கத்தான் லாயக்கு. தடித்த மைக்ரோஃபைபர் துணி நாலு வாங்கினால் இரண்டு வருஷம் வரும். அதன் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அழுக்கைத் தள்ளிக்கொண்டு போகாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். அதை மற்றத் துணியோடு துவைக்கக் கூடாது. துணி மென்மையாக்கும் வாசனைத் திரவமும் கூடாது, அது இழையை அடைத்துவிடும். துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அது சக்கரத்துக்குப் போக வேண்டியதுதான். தட்டிவிட்டுத் திரும்ப எடுக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும் திரவம் அழுக்கோடு மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். துணி சோப்புத்தூளில் சோடா உண்டு, அது இன்னும் மோசம். டயருக்கு டீசலும் மண்ணெண்ணெயும் பூசிக் கறுப்பாக்குவது எங்கள் பக்கம் லாரி ஷெட்டுகளில் பழைய வழக்கம். ரப்பரை அது ஊதவைத்து நாளடைவில் வெடிக்கவைக்கும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் கார் கழுவுவதில் பாதிப் பிரச்சினை தண்ணீர்தான்.

போர்வெல் தண்ணீர் இங்கே கடினம். சுண்ணாம்பும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். ஆர்.ஓ. மிஷின் பழுது பார்க்க வந்தவரிடம் உப்பை அளக்கும் மீட்டரை வாங்கி எங்கள் போர் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், ஆயிரத்தைத் தாண்டிப் போனது. கறுப்புப் பானட்டில் அந்தத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் நீர் போய்விடும், உப்பு வட்டமாக நிற்கும். ஒவ்வொரு துளியும் பூதக்கண்ணாடியாக நின்று சூடேற்றுகிறது என்பார்கள். எனக்குத் தெரிந்து கெடுதல் செய்வது அந்த உப்புதான். அதனால் கழுவி முடித்த உடனே, காய விடாமல் துடைக்க வேண்டும். பெரிய மைக்ரோஃபைபர் துண்டைப் பானட் மேல் விரித்துப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். ஏற்கெனவே விழுந்த உப்புக் கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுத்து, உடனே நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பித்தளைக் குடம் தேய்க்கிற மாதிரி புளியையும் எலுமிச்சைத் தோலையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள், சக்கை கோடு போடும்.

ஆர்.ஓ. மிஷின் கழித்து வெளியே விடும் தண்ணீரைச் சேர்த்துக் காரைக் கழுவுகிறேன் என்று பல பேர் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சுத்திகரித்த தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. சக்கரத்துக்கும் கால்மிதி ரப்பருக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி அலசலுக்கு வேண்டாம். அதற்கு நேர் எதிர், ஏ.சி. மிஷினிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றிலிருந்து குளிர்ந்து வந்தது என்பதால் உப்பு அநேகமாக இருக்காது. என் வீட்டில் அது ஒரு கேனில் சேர்கிறது. கண்ணாடி துடைக்கவும் வைப்பர் தொட்டிக்கும் அதுதான். மழைக்காலத்தில் மொட்டை மாடிக் குழாயடியில் ஒரு டிரம் வைத்துவிடுவேன். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடித்தால் நாலு கழுவலுக்கு வரும்.

குழாய்த் தண்ணீரை நான் தொடுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளையும், மூட்டு இறுகிப்போன பெரியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013இல் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடிப்பதற்கென்று அவ்வளவு தூரம் மேடேற்றிக் கொண்டுவந்த தண்ணீரை ஹோஸ் பைப்பில் பிடித்து டயர் மேல் அடிக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. எல்லைக்கு அந்தப் பக்கம் இது சட்டமாகவே வந்தது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் வண்டி கழுவுவதைத் தடைசெய்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஓசூரிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகள் வந்து சொன்னபோது எங்கள் தெருவில் அதை வேற்றூர்ச் செய்தியாகக் கேட்டார்கள். நான் அன்றைக்கே வீட்டு ஹோஸை அளந்து பார்த்தேன். 15 லிட்டர் பக்கெட் ஒரு நிமிடத்தில் நிரம்பியது. இருபது நிமிடம் திறந்துவிட்டால் 300 லிட்டர். இரண்டு பக்கெட் முறையில், ஊறவைக்க ஊற்றுவது, கடைசி அலசல் எல்லாம் சேர்த்து எனக்கு 50 லிட்டரைத் தாண்டுவதில்லை. தூசி குறைவான வாரத்தில் கைப்பம்பு ஸ்ப்ரேயர் போதும், தோட்டத்துக்கு மருந்தடிக்க வைத்திருப்போமே, அந்த மாதிரி புதிதாக ஒன்று. அதில் பத்து லிட்டரில் வேலை முடிந்துவிடும்.

ஆயுத பூஜையைச் சொல்லாமல் ஓசூரில் வண்டியைப் பற்றி எழுத முடியாது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வந்து வேரூன்றிய ஊர். மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் எங்களுக்கு வருஷம் நகராது. அன்றைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சை நசுக்கி எடுப்போம். நானும் செய்கிறேன், விட மாட்டேன். ஆனால் குழைத்த குங்குமம் இரண்டு நாள் வெயிலில் வெள்ளைப் பெயிண்ட் மேல் கிடந்தால் சிவப்பு உள்ளே இறங்கிவிடும். அதை எடுக்கப் பாலிஷ் போட வேண்டியிருக்கும். பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள். பானட்டில்தான் வைக்க வேண்டும் என்றால் மறுநாள் காலையில் ஈரத் துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டு, இளகிய பிறகு எடுங்கள். மாலையைக் கம்பியால் கட்டாதீர்கள், நூலால் கட்டுங்கள். கூரை ஓரத்தில் கம்பி உரசிய கோடுகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

பறவை எச்சத்துக்கும் அதே ஈரத் துணி வைத்தியம்தான். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் க்ளியர் கோட்டை அரித்துக் குழியாக்கும். வாரக் கழுவலுக்குக் காத்திருக்கக் கூடாத அழுக்கு அது. புங்க மரத்தடியில் நிறுத்தினால் நிழலோடு பிசுபிசுப்பும் இலவசமாக வரும். இலைப்பூச்சிகள் சுரப்பதுதான் அது, வெந்நீரில் ஷாம்பு கலந்து துடைத்தால் போய்விடும். நாலு வழிச் சாலையில் இரவுப் பயணம் போய்வந்தால் பம்பரில் பூச்சிகள் அப்பியிருக்கும், மறுநாளே ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.

வெள்ளை வண்டி வைத்திருப்பவர்கள் கிட்டப் போய்ப் பார்த்தால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். துரு என்று பயப்படுவார்கள். தகடு துருப்பிடிக்கவில்லை. காற்றில் வரும் இரும்புத் தூள் பெயிண்டில் குத்தி அங்கே துருப்பிடிக்கிறது. சிப்காட் பக்கம் கிரைண்டிங் ஷெட் அருகில் நிறுத்தும் வண்டிகளில் இது அதிகம். கழுவினால் போகாது. அதற்கென்று க்ளே பார் என்ற களிமண் கட்டி இருக்கிறது. 1990களில் ஜப்பானிலிருந்து பரவியது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, வழுக்க வழுக்க அந்தக் கட்டியை ஓட்டினால் புள்ளிகளைப் பிடுங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு விரலுக்குத் தெரிந்தால் க்ளே தேவை. வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

செராமிக் கோட்டிங் போடலாமா என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள், "9எச் கடினம்" என்கிறார்கள். அந்த 9எச் என்பது பென்சில் கணக்கு. வரைபடம் போடும் பென்சில்களில் மிகக் கெட்டியானவற்றில் ஒன்று 9எச். அந்தப் பென்சிலால் கீறினால் கோடு விழவில்லை என்பதுதான் பொருள். மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் 7க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஊர்த் தூசி அந்தப் பூச்சையும் கீறும். பூச்சால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் நிற்காமல் ஓடும், அழுக்கு சுலபமாக விடும், எச்சம் அரிக்க நேரம் பிடிக்கும். கீறலிலிருந்து காப்பாற்றும் என்று நம்பிப் போடாதீர்கள், அவ்வளவே. போட்ட பிறகும் உலர்ந்த துணியால் துடைப்பவருக்கு அந்தப் பணம் வீண்.

நான் வருஷத்துக்கு இரண்டு தடவை கார்னாபா மெழுகு போடுகிறேன். வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு அது. கடும் வறட்சியில் ஓலையின் ஈரம் போகாமல் இருக்க மரம் தனக்குத் தானே பூசிக்கொள்வது. ஓலைகளைக் காயவைத்துத் தட்டினால் தூளாக உதிரும். பெயிண்ட் மேல் மிக மெல்லிசாகத் தடவி, பனி படர்ந்த மாதிரி காய்ந்ததும் துடைத்தெடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. பதின்மூன்று வருஷம் தாண்டிய என் வண்டியின் கூரை இன்னும் உரியவில்லை.

உள்ளே சுத்தம் செய்வதில் ரகசியம் ஏதும் இல்லை. மிதியைக் கழற்றி உதறி, வாக்குவம் போட்டு, பிழிந்த ஈரத் துணியால் டேஷ்போர்டைத் துடைத்தால் முடிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்காதீர்கள். தூசி அதில் ஒட்டி மண்ணாகும், வெயிலில் முன் கண்ணாடியில் பிரதிபலித்து ரோடு தெரியாது. சிலிக்கான் ஸ்ப்ரேயும் வேண்டாம். அது கதவு ஓரத்தில் பட்டு இறங்கினால், பிறகு எப்போதாவது அந்த இடத்தில் டச்சப் பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தால் முன்னே சொன்ன மீன் கண் விழும். குனிந்து பார்க்க வேண்டிய இரண்டு இடங்களை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் அடியில் இலைச் சருகு சேர்ந்து வடிகாலை அடைக்கும். கதவின் அடி விளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும், அவை செம்மண்ணால் அடைபட்டால் மழைநீர் கதவுக்குள் நின்று உள்ளிருந்து துரு கிளம்பும். பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்று போதும். மட்கார்டின் உள்பக்கம் அப்பிய சேறும் அப்படியே, ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் தின்னும். எஞ்சின் பக்கம் மட்டும் பிரஷர் தண்ணீர் அடிக்காதீர்கள். அங்கே ஒயர் இணைப்புகளும் சென்சார்களும் இருக்கின்றன, ஈரத் துணி போதும். கழுவி முடித்ததும் தெருமுனை வரை ஓட்டி நாலு தடவை பிரேக்கை மெல்ல அழுத்திவிட்டு வந்து நிறுத்துங்கள், பிரேக் தட்டு காயட்டும்.

நுரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டி முழுக்க வெள்ளையாக நுரை அப்பினால்தான் சுத்தம் என்று இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நுரை அழுக்கைக் கொஞ்சம் நேரம் ஈரமாகப் பிடித்துவைக்கும், அது உண்மை. ஆனால் அழுக்கை எடுப்பது நுரை இல்லை, ஷாம்புவிலுள்ள மூலக்கூறு. அதன் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் பிடிக்கும். நுரை குறைவாக இருந்தாலும் அந்த வேலை நடக்கும். ஒரு பக்கெட்டுக்கு ஒரு மூடி ஷாம்பு போதும்.

எங்கள் ஊரை ஒட்டித் தென்பெண்ணை ஓடுகிறது. நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் கழிவுநீரை வாங்கிக்கொண்டு, கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பெங்களூருவின் எத்தனையோ வீட்டுச் சோப்பும் ஷாம்புவும் அதில் கலந்திருக்கின்றன. மழைக் காலத்தில் அணையின் மதகைத் திறந்தால் தண்ணீர் விழுந்து காற்றோடு கலக்கும். ஆறு நுரைக்கும். ஆள் உயரத்துக்குமேல் நுரை குவிந்து தரைப்பாலங்களை மூடிப் போக்குவரத்து நின்ற நாட்கள் உண்டு. காற்றில் பறந்து வயலில் விழும். நாற்றத்தில் நிற்க முடியாது. சின்ன வயதில் நான் அந்த ஆற்றில் குளித்தவன். மேலே இருக்கிற ஊர் செய்தது என்று நாங்கள் கோபப்படுகிறோம். கோபம் நியாயம்தான். ஆனால் கீழே இருக்கிற ஊருக்கு நாங்கள்தான் மேல் ஊர்.

அதனால் வண்டியைச் சிமெண்ட் தரையில் நிறுத்திக் கழுவாமல், வீட்டோரம் மண் தரையில் நிறுத்திக் கழுவுகிறேன். 50 லிட்டரையும் மண் குடித்துக்கொள்கிறது. பக்கெட் அடியில் தங்கும் மணலை வேலியோரம் கொட்டுகிறேன். உங்கள் வாசலில் கழுவும் தண்ணீர் எந்தச் சாக்கடையில் இறங்கி எங்கே போகிறது என்று ஒரு தடவை அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள். நான் போய்ப் பார்த்தேன். எங்கள் தெருத் தண்ணீர் ஓடையில் இறங்கி ஆற்றில் சேர்கிறது. ஆறு கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது. அணைக்குக் கீழே காவேரிப்பட்டணத்துப் பக்கம் அந்தத் தண்ணீரில்தான் நெல் விளைகிறது.